தேரன்று வார்த்த சர்பத்

"அந்தப் பேணியைக் கீழை வை!"

இராசநாயகம் போட்ட சத்தத்தில், மனைவி குணலட்சுமி தண்ணீர்ப்பந்தலில் வாங்கிய சர்பத் சேலையில் ஊற்றுண்டது.

"இஞ்சருங்கோ, தொண்டை வறண்டு போச்சு. எங்கடை செங்கமலம் சர்பத்தானே?"

"எங்கடையோ? முதலாளி அதை வெளிநாட்டுக் கொம்பனிக்கு வித்துப்போட்டான். நீ பேஸ்புக் பாக்கிறேல்லையோ?"

அச்சுவேலியில் அம்மனுக்குத் தேர் என்றால், செங்கமலம் கொம்பனியின் தண்ணீர்ப்பந்தல் கட்டாயம் இருக்கும். முதலாளி சிவரூபனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெரிய கிடாரத்தில் நன்னாரிச் சர்பத் கலக்கி எல்லோருக்கும் வார்ப்பார். சண்டைக் காலத்தில் சீனி இல்லாதபோது, அவருடைய தகப்பன் பனங்கட்டி போட்டுக் கலக்கினார். பந்தல் நின்றதில்லை.

அந்தச் சர்பத் இல்லாமல் இராசநாயகத்தின் வீட்டில் ஒரு நல்ல காரியம் நடந்ததில்லை. அதனால்தான் மனுசனுக்கு வயிறு பற்றி எரிந்தது. சனசமூக நிலையத் தலைவர் வேறு. 'ஊரை வித்தவன்ரை கையாலை ஒரு சொட்டும் வாங்காதேங்கோ' என்று எல்லோருக்கும் வட்சப்பில் அனுப்பினார். கடைக்காரர்களும் போத்தல்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள்.

இன்று தேரிலும் பந்தலுக்கு எதிரே நின்று சனத்தை மறித்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனாலும் சனம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது. ஒருவர் மட்டும் வாங்கி, ஒரு மிடறு குடித்துவிட்டுத் துப்பினார்.

"வெள்ளைக்காரன்ரை கை பட்டதும் ருசி போயிட்டுது!"

"ஓம் ஓம், அந்த வாசமே இல்லை" என்றார், குடிக்காமலே பக்கத்தில் நின்றவர்.

சிவரூபன் பேணியை நீட்டுவதும், நீட்டிய கையை மடக்குவதுமாக நின்றார்.

பின்னேரம் தேர் வீதி சுற்றி இருப்புக்கு வந்தபோதும் கிடாரம் நிரம்பியபடியே இருந்தது. ஊருக்கு இன்னும் ரோசம் இருக்கிறது என்று இராசநாயகத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று பந்தலுக்குள் நுழைந்தார். அங்கே கொம்பனியில் வேலை செய்யும் தயாளினி, கண்ணைத் துடைத்துக்கொண்டு பேணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாத்தீரே தம்பி? நீர் வித்தாலும் சனம் விலைபோகாது!"

சிவரூபன் நிமிர்ந்தார். முகத்தில் கோபமில்லை, களைப்புத்தான்.

"நான் இன்னும் விக்கேல்லை அண்ணை. அவங்கள் கேட்டவங்கள்தான். எங்கடை சனம் விரும்பிக் குடிக்கிற வரைக்கும் கொம்பனியைக் குடுக்கிறேல்லை எண்டு பிடிவாதமா நிண்டனான்."

"அப்ப... உந்தச் சர்பத்?"

"விடியப்புறம் நான் கலக்கினது. அப்பா காட்டித்தந்த அதே பக்குவம்."

இராசநாயகம் நிரம்பியிருந்த கிடாரத்தை எட்டிப் பார்த்தார்.

"உதை நீர் முதலே சொல்லியிருக்கலாமே, தம்பி!"

"ஆரெண்டாலும் ஒருத்தர் வந்து கேட்டிருக்கலாமே, அண்ணை."

இராசநாயகம் அவசரமாக ஒரு பேணியை எடுத்து, சர்பத் வாங்க நீட்டினார். சிவரூபன் அதைக் கவனிக்கவில்லை. போனைக் காதில் வைத்திருந்தார்.

"ஓம், சிவரூபன்தான் கதைக்கிறன். நாளைக்கே வாங்கோ, கையெழுத்து வைக்கிறன். இஞ்சை இனி ஒருத்தருக்கும் இது தேவையில்லை."