சுடுகாட்டு மல்லி

மூன்று வயது மகளுக்குக் கண்ணில் புற்றுநோய். மருந்தேற்ற மதுரைக்குக் கிளம்பிய பட்டாளத்து வீரணன், எதிர்வீட்டு வாசலில் பூத்திருந்த செடியைப் பார்த்ததும் கொதித்தார்.

"ஏலே அய்யூப்! பிள்ளைய வைத்தியத்துக்குக் கொண்டுபோறேன், சுடுகாட்டு மல்லி மொகத்துலயா முழிக்கணும்?"

அய்யூப் ராஜபாளையத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர். "பூ என்னண்ணே செஞ்சுச்சு?" என்றார்.

"கறுப்புக் கண்ணாடியக் கழட்டிட்டுப் பேசுலே. பெரிய சினிமாக்காரன்!" வீரணனே செடியை வேரோடு பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார்.

"போகட்டும். பஸ்ஸுல பிள்ள அலையவேண்டாம். கார்ல ஏறுங்க," என்றார் அய்யூப்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மருந்தை ஏற்றினாள்.

"இது எதுல செஞ்சது தாயி?"

"நித்தியகல்யாணிச் செடியில. உங்க பக்கம் சுடுகாட்டு மல்லிம்பாங்களே, அதுதான்."

வீரணன் அய்யூப் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சுதான் வளத்தியா? வாயத் தொறந்து சொன்னா என்னலே?"

"சொன்னா இலையக் கசக்கிப் பிள்ளைக்கு ஊத்திருவீங்க. பச்சை இலை விஷம்ணே."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

அய்யூப் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். இடது கண் அசையவில்லை. அது செயற்கைக் கண்.

"எனக்கும் சின்னப் பிள்ளையில இதே நோய்தான். ஒரு கண்ணு போச்சு, இந்த மருந்துல உசிரு தங்குச்சு. ஒங்க பிள்ளைக்கு ரெண்டும் தங்கும்ணே."

ஊர் திரும்பியதும் வீரணன் வீட்டுக்குள் போகவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்கடையில் இறங்கினார்.