ரெண்டு விசில்

ஆற்றோர சைக்கிள் பாதையில் கணவனும் மனைவியும் பயணம் கிளம்பி இது நான்காம் நாள். ஆளுக்கொரு சைக்கிள்; முன்னால் மனைவி, பின்னால் கணவர். தேநீர்க் கடையைப் பார்த்ததும் அவர் ஒரு விசில் அடித்தார். அவள் உடனே நிறுத்தினாள்.

குடித்து முடித்ததும் அவள் சைக்கிளில் ஏறி, மிதிக்காமல் காத்திருந்தாள். அவர் மறுபடி விசிலை வாயில் வைக்க, கடைக்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, கட்டின பொண்டாட்டியை மாடு மாதிரி விசிலடிச்சா ஓட்டுவீங்க? ஏம்மா, நீயும் வாயில்லாப் பூச்சியா இருக்கியே! கிளம்ப வேண்டியதுதானே?"

"இவர் விசில் குடுக்காம எடுக்க மாட்டேன்க்கா."

"அவ்வளவு பயமா?"

"பயமா, எனக்கா?" அவள் சிரித்துவிட்டாள். "ரிட்டையர் ஆகிற வரைக்கும் நான் பஸ் டிரைவர்க்கா. இவர்தான் என் கண்டக்டர். கடைசி ஆள் ஏறியாச்சான்னு பார்த்து இவர் ரெண்டு விசில் குடுத்தாத்தான் வண்டி நகரும். எங்க பஸ்ல ஒருத்தர்கூட விழுந்ததில்ல."

"இவ பிரேக் போட்டா, நின்னுக்கிட்டுத் தூங்குறவன்கூட முழிக்க மாட்டான்," என்றார் கணவர், நெஞ்சை நிமிர்த்தி.

கடைக்காரம்மா அவரை முறைத்தாள்.

"அப்புறம் என்ன பேச்சு? டிரைவரம்மா காத்துக்கிட்டு இருக்காங்க. விசிலைக் குடுங்க!"