காவலில்லாத தளபதி

ஜெயச்சந்திரன் தன் தளபதியை இடிந்த சுவரின் மறைவிலிருந்து எடுத்து வெட்டவெளியில் வைத்தார்.

கட்டைவிரல் உயரப் பொம்மை. கறுப்புக் குதிரை, சிவப்பு அங்கி. அது விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

சாஹித்யாவின் வில்லாளிகள் நேர் எதிரே நின்றார்கள். பகடையை உருட்ட வேண்டியதுதான் பாக்கி.

அவள் உருட்டவில்லை.

கச்சிபௌலியில் ஒரு காபிக் கடையின் மாடி அது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஐ.டி. ஆட்கள் கூடி, மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்திப் போர் நடத்துவார்கள். அவள் கணவன் மாதவ்தான் அவளை அங்கே கொண்டுவந்து சேர்த்தான். வீட்டுக்குள்ளேயே கிடக்காதே என்றான். அவன் ஆடுவதில்லை. சுவரோரமாக லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பான்.

வந்த நாளிலிருந்து அவள் ஒரு ஆட்டம்கூடத் தோற்றதில்லை.

இன்று இறுதி ஆட்டம். ஜெயச்சந்திரனின் தளபதியை வீழ்த்த வாரக்கணக்கில் யோசித்திருந்தாள். ஈட்டிக்காரர்கள் ஒட்டி நிற்கும்வரை தளபதிமேல் அம்பு விட விதி இடம் கொடுக்காது. முதலில் காவலைக் கலைக்க வேண்டும். நோஞ்சான் குழு ஒன்றை வேண்டுமென்றே முன்னால் விட்டு, ஈட்டிக்காரர்கள் அதன்மேல் பாய்ந்து விலகும் நேரத்தில், ஒளித்து வைத்த வில்லாளிகளை வெளியே கொண்டுவர வேண்டும். சாப்பாட்டு மேசையில் மாத்திரை டப்பா மூடிகளை அடுக்கிப் பழகினாள். அவ்வளவு செய்தாலும் பாதிக் காவல் தளபதியோடு நின்றுவிடும், அதற்கு மேல் அதிர்ஷ்டம்தான் என்று நினைத்திருந்தாள்.

அவர் மொத்தக் காவலையும் அனுப்பிவிட்டார். போதாதென்று தளபதியையும் அவரே வெளியே கொண்டுவந்து வைக்கிறார். ஊரில் இவரை ஜெயித்தவர்கள் இரண்டு பேர்கூட இல்லை என்பார்கள்.

நிமிர்ந்தாள். ஜெயச்சந்திரன் மேசையைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பினாள். மாதவ் அவரைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தான். அவள் பார்ப்பது தெரிந்ததும் கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தான்.

பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

ஒவ்வொரு ஞாயிறாக ஞாபகம் வந்தது. ஒருவருக்குக் கடைசி நேரத்தில் தன் குதிரைப்படையே மறந்துபோனது. இன்னொருவர், கவனிக்காமல் விட்டேனே என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் அக்கா, சூப்பர் என்று கை தட்டினார்கள். அன்றைக்கெல்லாம் அவள் பாடிக்கொண்டே சப்பாத்தி தேய்த்தாள். மாதவ் சமையலறை வாசலில் சாய்ந்து நின்று ரசித்தான்.

யாரோ மென்று கொடுத்ததை இத்தனை நாள் ருசித்துத் தின்றிருக்கிறாள்.

பகடையைக் கீழே வைத்தாள். தளபதியை எடுத்து மறுபடி சுவருக்குப் பின்னால் நிறுத்தினாள். ஈட்டிக்காரர்களைப் பொறுக்கி வந்து அவனைச் சுற்றி வைத்தாள். ஒருவன் சாய்ந்தான். அவனையும் நிமிர்த்தினாள்.

"பாவம் பாக்கிறதெல்லாம் நக்கோ, வேணாம் சார். நிஜமா ஆடுங்க."

ஜெயச்சந்திரன் மறுபடி மாதவைப் பார்க்கப் போனார். பாதியில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

பிறகு ஆடினார்.

அவள் முன்னால் விட்ட நோஞ்சான் குழுவை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குதிரைகளை மேசையின் ஓரமாகவே ஓட்டிப் பின்பக்கம் கொண்டுபோனார். அவளுடைய தளபதிக்குப் பின்வாங்க வழி இல்லாமல் போனது. காவலர்களை ஒவ்வொருவராக உரித்தெடுத்தார். கடைசியில் அவன் தனியாக நின்றான். ஒரே உருட்டல். முடிந்தது.

யாரும் கை தட்டவில்லை. அடுத்த மேசைக்காரர்கள் தங்கள் பொம்மைகளைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டார்கள்.

மாதவ் ஓடிவந்து அவள் பிடரியில் கை வைத்தான். நோயாளியிடம் பேசுகிற குரலில், விளையாட்டுதானே கண்ணா என்றான். கை பட்ட இடம் கூசியது. பல்லி விழுந்தால் உதறுவதுபோல உதறினாள். வண்டியை எடு, வருகிறேன் என்றாள். அவன் ஜெயச்சந்திரனை ஒரு தடவை முறைத்துவிட்டுப் படியிறங்கினான்.

ஜெயச்சந்திரன் பொம்மைகளைப் பஞ்சுப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்டாள், மாதவ் உங்களிடம் என்ன சொன்னார் என்று.

அவர் பெட்டியை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"ஜூன் மாசம் குழந்தை தங்காமப் போச்சுன்னு சொன்னார், எங்க எல்லார்கிட்டயும். தோத்தா தாங்க மாட்டீங்கன்னார்."

மாடியில் இருந்த அத்தனை தலைகளையும் அவள் ஒருமுறை பார்த்தாள். ஒன்றும் நிமிரவில்லை.

கீழே மாதவ் காரின் கதவைத் திறந்து பிடித்திருந்தான். அவள் அவனைக் கடந்து சாலைக்குப் போய், வந்த ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள்.

"மெட்டுகுடா ஆத்தே க்யா?" அங்கே வருவாரா என்று டிரைவரிடம் கேட்டாள்.

மெட்டுகுடாவில் அம்மா இருந்தாள். உண்டானதை, மூன்று மாதம் முடிந்ததும் சொல்லலாம் என்று அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தாள். இழந்ததையும் இன்னும் சொல்லவில்லை.