ஏழாம் பாகத்தில் வேழன்

மாயாஜாலத் தொடர் எழுதும் அனந்தலக்ஷ்மிக்கு முதல் வாசகன் அபினவ்தான். ஏழாம் பாகத்தைப் படித்துவிட்டுப் போனில் கத்தினான்.

"ஆறு பாகமா கண் தெரியாத அம்மாவை முதுகிலே சுமந்துண்டே சண்டை போட்ட வேழன், இப்ப அவளை ஏதோ கோட்டையிலே விட்டுட்டுப் போறானே! யார் நம்புவா?"

"அங்கே வசதியெல்லாம் உண்டுடா. வேளாவேளைக்குச் சாப்பாடு, வாசல்லே காவல்..."

"என்ன வசதி இருந்தா என்ன? வேழன் அப்படிப்பட்டவனே இல்லை!"

"நானும் அப்படித்தான் நினைச்சிண்டிருந்தேன்."

அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கன்னடத்தில் சாப்பிடக் கூப்பிட்டது: "அஜ்ஜி, ஊட்டக்கே பன்னி!"

போன மாதம் அவனே கொண்டுபோய்ச் சேர்த்த சந்தாபுரா முதியோர் இல்லத்தில் அது சாப்பாட்டு நேரம்.

"அம்மா..." என்றான் அபினவ்.

"கதைதானேடா, மாத்தி எழுதிடறேன்."