பத்தில் முதல் படம்

"அந்தப் படத்தை எடுத்துடு தம்பி. அது நடிப்பே இல்ல. ஏமாத்து வேலை!"

விமர்சகருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நாற்பது ஆண்டுகள் திரையை ஆண்ட அந்த நடிகரின் மிகச் சிறந்த பத்து வேஷங்களைப் பற்றி அவர் ஒரு புத்தகம் எழுதி முடித்திருந்தார். நடிகர் சம்மதம் சொல்லிவிட்டால் நாளை மறுநாள் அச்சுக்குப் போய்விடும். நடிகரின் வீட்டிலேயே பத்தாவது இடத்திலிருந்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டிக்கொண்டு வந்தார். ஒன்பது படங்கள் வரை ரசித்துச் சிரித்துக்கொண்டே கேட்ட மனிதர், முதல் இடம் எதற்கு என்று தெரிந்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"சார், என்ன சொல்றீங்க? அந்தப் பார்வையில்லாத அப்பா வேஷத்தைப் பார்த்துட்டு மூணு நாள் நான் சரியாச் சாப்பிடல. பிணவறையில மகனோட முகத்தை விரலால தடவிட்டு, 'இவன் என் பையன் இல்ல, என் பையனுக்கு இவ்வளவு தாடி கிடையாது'ன்னு சொல்வீங்களே! தியேட்டரே தேம்பி அழுதுச்சு சார்."

"அழுதாங்க. எனக்கும் விருது குடுத்தாங்க. அந்த வேஷத்துக்காகப் பார்வையில்லாதவங்க எத்தனை பேரைப் பார்த்துப் பேசினேன் தெரியுமா? ஒருத்தரைக்கூட இல்ல. வீட்ல கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன், அவ்வளவுதான்."

விமர்சகர் பேனாவை மூடி வைத்தார்.

"பார்வையில்லாதவன் அப்படி ஊரே பார்க்கிற மாதிரி கையை நீட்டித் தடவிக்கிட்டு நடக்க மாட்டான்யா. தடுமாறுறது யாருக்கும் தெரிஞ்சுடக் கூடாதேன்னுதான் பாடுபடுவான்."

"ஆனா சார், அட்டையே அந்தப் படம்தான். கலர்ல அடிச்சே வெச்சாச்சு." விமர்சகர் அவசரமாகப் பைக்குள்ளிருந்து ஒரு தாளை உருவி நீட்டினார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நடிகரின் மனைவி அதை வாங்கி, "நீங்க கையை நீட்டிக்கிட்டு நிக்கிற படம்ங்க" என்று கணவரின் மடியில் வைத்தார். அவர் குனிந்துகூடப் பார்க்காமல் ஒதுக்கிவிட்டார்.

"அட்டையை மாத்து. இல்லேன்னா என் சம்மதம் கிடையாது."

விமர்சகருக்கு வியர்த்துவிட்டது. இரண்டு வருஷ உழைப்பு.

"அப்ப எதை சார் முதல்ல போடுறது? அந்த நீதிபதி வேஷமா? சொந்தத் தம்பிக்கே தண்டனை எழுதிட்டு, ஒண்ணுமே பேசாம மூக்குக்கண்ணாடியைக் கழட்டுவீங்களே..."

"நல்ல வேஷம்தான். அது இருக்கட்டும், கடைசியா நடிச்ச ஆறு படத்துல ஒண்ணுகூட உன் பட்டியல்ல இல்லையே, ஏன்?"

விமர்சகர் நெளிந்தார். அந்த ஆறு படங்களையும் வாரப் பத்திரிகையில் கிழி கிழியென்று கிழித்தவரே அவர்தான். 'வருகிறார், நடக்கிறார், போகிறார். நடிக்கவே இல்லை. ஓய்வெடுக்கட்டும்!'

"நடிக்கவே இல்லைன்னு எழுதினியே, ஞாபகம் இருக்கா?" நடிகர் கடகடவென்று சிரித்தார். அதில் கோபமே இல்லை. "அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இன்னிக்கு வரைக்கும் வந்ததில்லப்பா."

எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு போய், விறுவிறுவென்று மாடிப்படி ஏறி மறைந்துவிட்டார்.

விமர்சகர் தாள்களை அள்ளிப் பைக்குள் திணித்தார். மனைவி மெல்லிய குரலில் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த ஆறுல வர்ற தையல்காரர் படத்தை முதல்ல போடுங்க."

"அம்மா! நீங்களுமா? அதுல என்னம்மா இருக்கு? மருமககிட்ட பேசிக்கிட்டே ஊசியில நூல் கோக்கிறார், துணி வெட்டுறார், கடையைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போறார். ஊசியில நூல் கோக்கிறது ஒரு நடிப்பா? என் வீட்டுக்காரி தினமும் கோக்கிறா!"

"அந்த ஒரு ஷாட்டுக்கு நாலு மாசம் பழகினார். விரல் நுனியெல்லாம் சல்லடையாப் போச்சு."

"நாலு மாசமா? அதுக்கா?"

"அந்த ஆறு படத்துக்கும் நான் கூடவே போனேன். 'கதாநாயகிகள் மேல சந்தேகம், புருஷனை விட்டு நகர மாட்டேங்கிறாங்க'ன்னு நீங்ககூடக் கிசுகிசு எழுதினீங்க."

விமர்சகரின் முகம் செத்துப்போனது. "அம்மா... அது வந்து..."

"பரவாயில்ல. நிஜம் வெளிய வர்றதுக்கு அந்தக் கெட்ட பேர் எவ்வளவோ மேல்னு சும்மா இருந்துட்டேன். என்னையும் அந்த ஆறு படத்தையும் எடுத்த டைரக்டரையும் தவிர வேற யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா ஜனங்க பாவப்பட்டுக் கை தட்டுவாங்க, நடிப்புக்குத் தட்ட மாட்டாங்கன்னு எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டார். ஆனா இன்னிக்கு உங்க பட்டியலைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. எழுத மாட்டேன்னு சொல்லுங்க, சொல்றேன்."

"எழுத மாட்டேன்மா. என்ன நிஜம்?"

அவர் மாடிப்படியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"பார்வையில்லாதவரா நடிச்சப்ப அவருக்குக் கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சுது தம்பி. தையல்காரரா நடிச்சப்பதான் சுத்தமாத் தெரியல."