திருகு அவர் கையில்

"கருவி மனிதனுக்கு அடங்க வேண்டும். எவ்வளவு கேட்பது என்பதை மனிதனே தீர்மானிக்க வேண்டும்!"

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சட்டைப்பையிலிருந்த சிறு பெட்டியின் திருகைத் தடவியபடி முழங்கினார். பெட்டியிலிருந்து காதுவரை ஒரு வயர்.

மனைவிக்கு நெடுநாள் சந்தேகம். "நான் வாயைத் திறந்தாலே திருகுறீங்க. சத்தத்தைக் குறைக்கிறீங்கதானே?"

"சேச்சே! உன் பேச்சு தெளிவா கேக்கத்தான்."

"அப்போ எங்கம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு சொன்னப்ப ஏன் கை தட்டுனீங்க? கிளம்புங்க. திருகே இல்லாத புது காது மெஷின் வாங்கிடலாம்."

கடையில் அவர் பழையதைக் கழற்ற மறுத்தார். மனைவி வெடுக்கென்று பிடுங்கிக் கொடுத்தார்.

கடைக்காரர் வயரைத் தன் காதில் வைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"என்ன தம்பி, ரிப்பேரா?"

"நல்லாத்தான் வேலை செய்யுதும்மா. ஆனா இது பாக்கெட் ரேடியோ. நாலு விக்கெட் போயிடுச்சு."