ரெண்டு டிஸ்க் அய்யப்பன்

திருக்கோவிலூரில் ஸ்கேன் சென்டர் வைத்திருக்கும் அய்யப்பன் வாயைத் திறந்தாலே ரெண்டு டிஸ்க் புராணம்தான். "எடுக்குற படமெல்லாம் ஒரே நேரத்துல கம்ப்யூட்டர்ல ரெண்டு டிஸ்க்குலயும் பதியுது. ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு காப்பாத்தும்!" கேட்டுக் கேட்டு ஊருக்கே குமட்டியது.

களமருதூர் கூலிக்காரர் கொளஞ்சியப்பன் வந்து நின்றார். "எங்க வூட்டுக்காரிக்குப் போன வருசம் எடுத்த ஸ்கேன் வேணுங்க. அதப் பாத்தாதான் கட்டி வளருதா, அறுக்கணுமான்னு டாக்டரு சொல்வாராம். எங்கிட்ட இருந்தது மழையில ஊறிப் பூடுச்சி."

தேடினார்கள். போன வருடப் படம் ஒன்றுகூட இல்லை.

"டிஸ்க்கு செத்துடுச்சி! வித்தவன் ஏமாத்திட்டான்!" என்று குதித்த அய்யப்பன், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் நிர்மலாவை வரவழைத்தார்.

அவள் சோதித்துவிட்டு நிமிர்ந்தாள். "ரெண்டும் நல்லா இருக்கு சார்."

"அப்ப படம் எங்கம்மா?"

"யாரோ அழிச்சிருக்காங்க. ஒண்ணுல அழிச்சா இன்னொண்ணுலயும் உடனே அழிஞ்சிடும். டிஸ்க்கு கெட்டாதான் சார் இது காப்பாத்தும். ஆளுங்ககிட்டேருந்து காப்பாத்தாது."

"எவன்டா அழிச்சது?"

ஊழியர்கள் ஆளுக்கொரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். கொளஞ்சியப்பன்தான் வாயைத் திறந்தார்.

"நீங்கதாங்க. இந்த சென்டரு ஆண்டு விழாவுல மாலையோட நின்னுக்கினு, 'போன வருசப் படத்தையெல்லாம் இப்ப அழிக்கிறேன், இன்னொண்ணுல பத்திரமா இருக்கும் பாருங்க'ன்னு பட்டனைத் தட்டினீங்களே. பிரியாணி குடுக்குறாங்கன்னு எங்களையும் இட்டாந்தாங்க. நானும்தான் கை தட்டினேன்."